நஸீரா பாதியில் விட்ட படிப்பு

1

போன மாதம் நிந்தவூரிலிருந்து என்னோடு கூடப்பிறந்த மூத்தவர், என் காக்கா, கோல் எடுத்தார். சலாம் சொல்லி வாய் மூடவில்லை, கேள்வி வந்துவிட்டது.

"தம்பி, நான் கேள்விப்பட்டது மெய்யா? நீ கிழடுகளக் குளிப்பாட்டுற படிப்புப் படிக்கிறாயாம்?"

"ஓம் காக்கா."

"உனக்கென்ன விசரா? இந்த வயசில ஆம்பிளைக்கி இதென்னடா படிப்பு? பள்ளிவாசல்ல ஆக்கள் கேக்காங்க. நான் என்னத்தச் செல்லுற?"

"நேர்ஸ் வேல மாதிரி எண்டு செல்லுங்க."

"நேர்ஸா?" குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப டொக்டர்மாரோட வேல செய்யிறதா?"

இல்லை என்றேன். தாங்களாக எழும்பி நடக்க ஏலாத ஆட்களின் வீடுகளுக்குப் போவது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, அவர்கள் சொல்வதைக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'சமூகப் பராமரிப்பு' என்று ஒரு தமிழ்ச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். காக்காவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அந்தச் சொல் வாயில் ஒட்டவில்லை.

"அதுக்கு என்னத்துக்குடா படிப்பு? வீட்டில பொண்டுகள் செய்யிற வேலதானே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காக்கா கேட்டதற்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். ஊரில் இன்னும் பலர் கேட்கிறார்களாம். இந்தக் கிழமையோடு நஸீரா கண் மூடி மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

நஸீரா என் மனைவி. மாவடிப்பள்ளிக்காரி. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் வயல். அவள் அங்கே பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கலியாணம் முடித்த அடுத்த வருடம் அவளுடைய வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் கண் மூடும் வரைக்கும் அவளும் அவளுடைய உம்மாவான என் மாமியும்தான் பார்த்தார்கள். காலையில் குளிப்பாட்டி, கஞ்சி தீத்தி, பாடசாலைக்கு ஓடிப்போய், பகலைக்கு ஓடி வந்து புரட்டிவிட்டு, மறுபடி ஓடுவாள். அதை யாரும் வேலை என்று சொல்லவில்லை. மகள் செய்ய வேண்டியதை மகள் செய்தாள், அவ்வளவுதான்.

பிறகு நான் கடல் கடந்து இந்த லெஸ்டர் நகரத்துக்கு வந்தேன். பிறகு அவள் வந்தாள். எங்கள் ஒரே மகள் ஹனா இங்கே பிறந்தாள். நான் பிஸ்கட் ஃபக்டரியில் வேலை செய்தேன். நஸீரா ஒரு பாடசாலையில் பகல் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த கல்லூரி விளம்பரத்தை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"இஞ்சாருங்க, வாப்பாவ நானும் உம்மாவும் பார்த்தமே, அதுக்கு இஞ்ச ஒரு படிப்பு இரிக்காம். ரெண்டு வருஷமாம். முடிச்சா சேர்ட்டிபிக்கட் தாறாங்களாம்."

"உனக்குப் படிக்க என்ன மிச்சம் இரிக்கி?" என்று கேட்டேன்.

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்."

போனாள். முதல் கிழமையே சிரிப்பு நின்றுவிட்டது. குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கனநேரம் இருப்பாள். ஒருநாள் தலையை நிமிர்த்தி, "ஒருத்தரத் தொடுறதுக்கு முந்தி அவரிட்டச் செல்லணுமாம். இப்ப உங்கட கையத் தூக்கப் போறன், இப்ப உங்களத் திருப்பப் போறன் எண்டு. அவருக்கு நினைவில்லாட்டியும் செல்லணுமாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வாப்பாட்ட நாங்க ஒருநாளும் செல்லல்ல. பாவம், திடுக்கிட்டுத் திடுக்கிட்டுப் பார்ப்பார்" என்றாள்.

பின்னேரங்களில் என்னைச் சோபாவில் கிடத்தி நோயாளியாக்கிவிடுவாள். "மிஸ்டர், இப்ப உங்கட சப்பாத்தக் கழட்டப் போறன், சரியா?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். நான் தமிழில் ஏதாவது பகிடி சொன்னால் கோபம் வரும். அப்போது ஹனா சின்னப் பிள்ளை. கதவில் சாய்ந்து நின்று விழுந்து விழுந்து சிரிப்பாள்.

3

நஸீராவைக் கொண்டுபோன வருத்தத்தின் முதல் அடையாளமும் அந்த வகுப்பில்தான் தெரிந்தது. எழும்ப ஏலாதவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்ற ஒரு தூக்கும் இயந்திரம் இருக்கிறது. ஆளுக்குக் கீழே ஒரு துணியைப் போட்டு, அதன் பட்டிகளை இயந்திரத்தில் கொழுவ வேண்டும். மற்றவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்கிறவள் நஸீராதான். அன்றைக்கு அவளுடைய பெருவிரல் கொழுக்கியை அமர்த்தவில்லை. குளிர் என்றாள். பிறகு தேத்தண்ணிக் கோப்பை கைதவறியது. பிறகு படியில் கால் தடுக்கியது. அவளுக்குப் படிப்பிக்கிற ஹெலன் என்ற ஆசிரியைதான், "டொக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்" என்று விடாமல் சொன்னார்.

நரம்பு டொக்டர் எங்களைக் கேட்காமலே தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துவிட்டார். அந்தப் பெண் இந்தியாக்காரி. இனிமையான குரல். "உடம்பிலுள்ள தசைகளுக்குச் செய்தி கொண்டுபோற நரம்புகள் ஒவ்வொண்ணா செயலிழந்துடும். கை, கால், பேச்சு, கடைசியா மூச்சு. இதைக் குணப்படுத்த முடியாதுங்க" என்றார்.

அந்த 'ங்க' அவ்வளவு மரியாதையாக இருந்தது. நஸீரா பழக்கதோசத்தில் "தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டாள். எதற்கு நன்றி சொல்கிறாள் என்று விளங்காமல் டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போதுதான் அழுதாள். நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில மாதங்களில் நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தார். என்ன என்ன உதவி வேண்டும் என்று பார்த்துப் பதிந்துகொண்டு போகிறவர். சட்டைப் பொத்தான் நீங்களாகப் போடுவீர்களா, யாரும் உதவ வேண்டுமா என்று கேட்டார். உதவ வேண்டும் என்றாள் நஸீரா. தலை வாருவது? உதவ வேண்டும். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்கத் தயங்கினார்.

"அடுத்தது கழிவறை" என்றாள் நஸீரா.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கள் இந்தத் துறையில் இருக்கிறீர்களா?"

"படிக்கிறேன்" என்றாள். படித்தேன் என்று சொல்லவில்லை. அப்போது அவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

4

பிறகு ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் பராமரிப்பாளர்கள் வந்தார்கள். அதில் எஸ்தர் என்ற பெண் நிரந்தரமாக வந்தாள். வந்த முதல் நாள் கதைத்துக்கொண்டே போர்வையை இழுத்து நஸீராவைத் திருப்பப் போனாள். நஸீராவின் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. எல்லாப் பலத்தையும் கூட்டி, "முதலில் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எஸ்தர் நின்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து சொல்லாமல் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஹனா பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள்.

அதுவரை ஹனா எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டிருந்தாள். வளர்கிற பிள்ளைகள் எல்லோரும் இங்கே அப்படித்தான். பாடசாலையில் அவளுடைய பெயரை வெள்ளைக்காரப் பெயராக்கி 'ஹன்னா' என்று கூப்பிடுவார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். வரவர அந்தப் பதிலும் தோளை உயர்த்துவதோடு முடிந்துவிடும். வா, போ, சாப்பிடு, படு. இவ்வளவுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த தமிழ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஸீராவின் பேச்சு முற்றாக நின்றபோது வைத்தியசாலையில் கண்ணால் இயக்குகிற ஒரு கொம்பியூட்டர் தந்தார்கள். அதற்குத் தமிழ் தெரியாது. அவள் இமை சோர்ந்தால் அதுவும் குழம்பிவிடும். கடைசியில் ஒரு சாதாரணப் பொருள்தான் உதவியது. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகை. ஓரங்களில் ஆங்கில எழுத்துகள் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒருவர் பலகையை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நோயாளி தனக்கு வேண்டிய எழுத்தைப் பார்ப்பார். பிடிப்பவர் பலகைக்கு ஊடாக அந்தக் கண்ணைப் பார்த்து எந்த எழுத்து என்று சொல்ல வேண்டும்.

எனக்குச் சீனி வருத்தத்தால் பார்வை மங்கல். அவளுடைய கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என்னால் பிடிக்க ஏலவில்லை. ஹனா ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். ஆனால் நஸீரா சொல்வது தமிழ். நாங்கள் எல்லோரும் ஃபோனில் செய்தி அனுப்புகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ். ஹனாவுக்கு எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனால் ஹனா ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்வாள். நான் கட்டில் பக்கத்தில் கதிரையில் இருந்து கேட்டுக் கேட்டுச் சொல்லாகக் கோர்ப்பேன். நாங்கள் இரண்டு பேரும் இருந்தால்தான் அவளுக்கு ஒரு வாய்.

ஒரு எழுத்தைப் பார்த்து முடிக்கவே அவளுக்குக் களைத்துவிடும். அதனால் எழுத்துகளை மிச்சம் பிடிப்பாள். நெடில் எழுத்துக்கு இரண்டு 'ஏ' போடமாட்டாள். ஒருநாள் "பி, ஏ, எல்" என்றாள் ஹனா. நான் ஓடிப்போய்ப் பால் சூடாக்கிக் கரண்டியோடு வந்தேன். நஸீரா கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வாள். மறுபடியும் அதே மூன்று எழுத்து. பால் இல்லை, பல். பல் விளக்கிவிடச் சொல்லியிருக்கிறாள். ஹனாவுக்கு நான் அதை விளங்கப்படுத்தியபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. நஸீராவின் முகம் அசையாது, ஆனால் கண் சிரித்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வீட்டில் அந்த மாதங்களில் இருந்த சந்தோசம் அதற்கு முந்தி இருக்கவில்லை. பாடசாலை விட்டதும் ஹனா ஓடி வருவாள். சிலவேளை எனக்கு முந்தியே சொல்லைக் கண்டுபிடித்துவிடுவாள். "தலகணி! வாப்பா, தலகணி!" என்று கத்துவாள். நஸீரா கேட்டது பெரும்பாலும் சின்ன விசயங்கள்தான். தண்ணி. யன்னலைத் திற. நீங்க சாப்பிட்டீங்களா. ஹனாட தலைக்கு எண்ணெய் வை.

5

கடைசி நாட்களில் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. இனிப் பலகையால் கஷ்டப்படுத்த வேண்டாம், அவராகக் கேட்டால் மட்டும் பிடியுங்கள் என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். ஹனா பாடசாலையிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி வந்தாள். நஸீராவின் கண் பலகை இருந்த பக்கம் போனது. ஹனா எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பிடித்தாள்.

"எச். ஏ. என். ஏ." ஹனா புன்னகைத்தாள். "அது நான்தான்."

"வி. ஏ."

அதோடு நின்றது. ஹனா பலகையைப் பிடித்தபடி காத்திருந்தாள். "அடுத்தது என்ன, உம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அடுத்த எழுத்து வரவில்லை.

"ஹனாவ..." என்றேன் நான். "ஹனாவ என்ன, நஸீரா? என்ன செய்யணும்? செல்லு."

அந்த நேரம் பார்த்துக் கீழே மணி அடித்தது. மருந்து கொண்டுவந்த ஆள். என் பெயரை அவனால் வாசிக்க ஏலவில்லை, நான்தான் அந்த ஆள் என்பதற்கு அடையாள அட்டை கேட்டான், அதைத் தேடிக் காட்டி, கையெழுத்து வைத்து, மேலே வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பலகை கதிரையில் கிடந்தது. ஹனா சப்பாத்தோடு உம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். பிள்ளை களைத்துப்போனாள் என்று நினைத்தேன். நஸீரா கண் மூடியிருந்தாள்.

அந்தக் கண் பிறகு எழுத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலை சுபஹோடு போய்விட்டாள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

6

அடக்கத்துக்கு முந்தி மையித்தைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஹனாவும் உள்ளே போக வேண்டும் என்று நின்றாள். நான் தடுக்கவில்லை. உள்ளே நடந்ததை அந்தப் பெண்களில் ஒருவர் பிறகுதான் எனக்குச் சொன்னார். நஸீராவை இடப்பக்கம் திருப்பப் போனபோது ஹனா அவர்களுடைய கையைப் பிடித்து நிறுத்தினாளாம். "முதலில் உம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லாமல் திருப்பினால் அவர் திடுக்கிடுவார்" என்றாளாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு ஹனாவே குனிந்து, "உம்மா, இப்போது உங்களைத் திருப்பப் போகிறோம்" என்று சொன்னாளாம். அதற்குப் பிறகுதான் திருப்பினார்களாம். ஒவ்வொரு முறையும்.

மாவடிப்பள்ளியில் மாமி ஜனாஸா அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தார். அன்று பின்னேரம் அழுது ஓய்ந்து கேட்டார்.

"மருமகன், என்ட புள்ள கடைசியா என்ன செல்லிச்சி?"

சொன்னேன். "ஹனாவ எண்டு சொன்னா மாமி. மிச்சத்தச் செல்லல்ல."

எங்கள் மொழியில் செய்ய வேண்டியது என்ன என்பது வசனத்தின் கடைசியில்தான் வரும். 'ஹனாவ' என்றால் ஹனாவை ஏதோ செய்ய வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது வரவில்லை. அந்த இடம் வெற்றாகக் கிடந்தது. ஆளாளுக்கு அதில் ஒன்றை வைத்தார்கள்.

"வேற என்னத்தச் செல்லுவாள்?" என்றார் மாமி. "ஹனாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க எண்டுதான். உம்மா இல்லாத குமருப்புள்ளய அந்த நாட்டில வெச்சிரிக்க ஏலுமா மருமகன்? என்ட மகள்ட கடைசி ஆச அது. என்னட்டக் கொண்டுவந்து விடுங்க."

காக்காவுக்கு வேறு யோசனை. "ஹனாவ நம்மட ஆக்களுக்குள்ளயே கலியாணம் முடிச்சுக் குடுங்க எண்டிரிக்கும். தாய்மார் அதத்தான் யோசிப்பாங்க."

ஹனாவப் பார்த்துக்கொள்ளுங்க என்றுதான் சொல்ல வந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். மனம் சோர்ந்த நாட்களில் மாமி சொல்வதுதான் சரி என்று தோன்றும். வீட்டில் ஹனா பழையபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். அறைக் கதவு பூட்டியிருக்கும். எழுத்துச் சொல்லவும் ஆள் இல்லை, கோர்க்கவும் தேவை இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் கதைக்காமல் இருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமி கிழமைக்குக் கிழமை கேட்டுக்கொண்டே இருந்தார். டிசம்பர் விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாமியோடு விட்டுவிடலாமா என்று நானும் பாதி மனதுக்கு வந்துவிட்டேன். "பார்ப்பம் மாமி" என்று சொல்லியும்விட்டேன். இந்தக் கதை எதுவும் ஹனாவுக்குத் தெரியாது. நாங்கள் ஃபோனில் கதைத்ததெல்லாம் தமிழ்.

கல்லூரிக்கு நான் போனதும் அந்த நாட்களில்தான். ஃபக்டரியில் இரவு வேலை, பிள்ளையைத் தனியே விட ஏலாது, அந்த வேலையை விட்டுவிட்டேன். வேறு வேலை தேட வேண்டும். கையில் எனக்குத் தெரிந்த தொழில் எது என்று யோசித்தால், ஒருவரைத் திருப்பவும், துடைக்கவும், கரண்டியால் தீத்தவும் தெரியும். அவ்வளவுதான். நஸீரா படித்த அதே கட்டடத்துக்குப் போய், விண்ணப்பத்தில் இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற இடத்தில் 'மனைவி' என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தேன். முழு வசனமாக எழுத வேண்டும் என்று திருப்பித் தந்தார்கள். 'என் மனைவி இங்கே படிக்கிறாள்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஹனாவிடம் பிழை பார்க்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். ஒரு சொல்லை வெட்டி 'படித்தாள்' என்று மாற்றித் தந்துவிட்டு அறைக்குப் போனாள்.

வகுப்பில் எல்லோரும் ஹனாவை விட ஒன்றிரண்டு வயது கூடினவர்கள். என் கடவுச்சீட்டில் முதலாவதாக இருக்கிற பெயரைப் பிடித்துக்கொண்டு 'மொஹமட்' என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் அந்தப் பெயரால் கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும்.

7

போன வெள்ளிக்கிழமை ஹெலன் வகுப்புக்கு எழுத்துப் பலகைகளைக் கொண்டுவந்தார். என்னைப் பார்த்து, வேண்டுமென்றால் வெளியே போய் இருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். இல்லை, இருக்கிறேன் என்றேன்.

இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் நோயாளி. வாய் திறக்கக்கூடாது, கண்ணால் மட்டும். எனக்கு முன்னால் லூசி என்ற பிள்ளை பலகையைப் பிடித்தாள். தண்ணீர் கேட்போம் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பலகையைக் கண்டதும் கண் தானாகத் தமிழுக்குப் போய்விட்டது.

"டி. எச். ஏ. என்..." லூசியின் முகம் மலர்ந்தது. "தேங்க் யூ! தேங்க் யூ என்கிறீர்கள்!"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கண்ணை மூடினேன். "அதற்குள் நன்றியா, நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே" என்றாள் அவள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல பிள்ளை. அவள் பிழை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வர இருந்தது இன்னும் இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்ல ஏலாமல் அந்தக் கதிரையில் இருந்தேன். நஸீரா எத்தனை தரம் இப்படி இருந்திருப்பாள்.

ஹெலன் பக்கத்தில் வந்து, "மொஹமட், என்ன கேட்டீர்கள்?" என்றார்.

"தண்ணி. வோட்டர்" என்றேன்.

அவர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "இதனால்தான் சொல்கிறேன். அவர்களுடைய வசனத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சொல்லை, உங்களுக்குப் பிடித்த சொல்லை அவர்களுடைய வாயில் வைக்காதீர்கள்."

நான் எழும்பி வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றேன். தண்ணீர் குடிக்கவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் ஹனா நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து லூசியின் கதையைச் சொன்னேன். 'தேங்க் யூ' வந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. அந்தத் துணிவில் மற்றதையும் சொன்னேன். என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், மாமி சொல்வதை, காக்கா சொல்வதை, டிசம்பரை, நான் பாதி மனதுக்கு வந்ததை.

"உம்மா முடிக்காத வசனத்த நாங்க எல்லாரும் முடிக்கப் பார்த்தம், மகள்" என்றேன்.

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த வசனம்?"

"கடைசியா சொன்னதே. ஹனாவ எண்டு. உன்ன என்னவோ செய்யச் சொல்லித் தொடங்கினா. என்ன எண்டு வரல்ல."

ஹனா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வாப்பா, அது முடிந்த வசனம்" என்றாள் ஆங்கிலத்தில்.

எனக்கு விளங்கவில்லை.

"ஹனா. வா." தமிழில் சொன்னாள். இரண்டு சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டு. "வா என்றால் வருவதுதானே? அது எனக்குத் தெரியும். ஸ்கூல் கேட்டில் நின்று ஒவ்வொரு நாளும் உம்மா சொன்னது அதுதான். ஹனா, வா."

நெடிலுக்கு இரண்டு எழுத்துப் போடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பால், பல் என்று நானே ஓடித் திரிந்தவன். தமிழ் தெரிந்த நாங்கள் எல்லோரும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து ஒரு வருடமாக அந்த வசனத்தைப் பிடித்து இழுத்தோம்.

"முதலில் எனக்கும் விளங்கவில்லை" என்றாள் ஹனா. "அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தேன். நீங்கள் கீழே போனீர்கள். அப்போது பார்த்தால் உம்மா எழுத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனேன்."

"போய்?"

"பக்கத்தில் படுத்தேன். அவருடைய கையை எடுத்து என் தலையில் வைத்தேன். உம்மா கண்ணை மூடினார். கோபத்துக்கு மூடுகிற மாதிரி இல்லை. வேறு மாதிரி." பிறகு, "உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன், வாப்பா. நீங்கள்தானே தமிழ்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அந்த வருடத்தில் என் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல். நான் மேசையைச் சுற்றிப் போனேன். அவளுடைய நூடில்ஸ் ஆறிப் போய்க் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் டிசம்பரில் ஊருக்குப் போவோம், இரண்டு பேருமே திரும்பி வருவோம் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

8

அடுத்த நாள் காலையில் மாமிக்குக் கோல் எடுத்தேன். முதலில் அவர் நம்பவில்லை.

"அப்ப என்னட்டக் கூட்டிட்டு வரச் செல்லல்லயா?"

"இல்ல மாமி. ஒண்டும் செய்யச் செல்லல்ல. 'ஹனா, வா' எண்டு புள்ளயக் கூப்பிட்டிரிக்கா. அவ்வளவுதான்."

கோல் அறுந்துவிட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. மாமி மூச்சு விடுவது கேட்டது. ஒரு வருடமாக மகளின் கடைசி ஆசை என்று அவர் நெஞ்சில் கட்டி வைத்திருந்ததை நான் ஒரே வசனத்தில் பறித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"மருமகன்" என்றார். "புள்ள உம்மாட்டப் போனாளா?"

"ஓம் மாமி" என்றேன். "உடனே போயிரிக்காள்."